தனிக்கழுந்து: ஒரு மர இணைப்பின் நெடும்பயணம்

மேசைக் காலோடு குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில், சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, காலில் பொளிந்த துளைக்குள் செருகுவது தச்சுத்தொழிலின் அடிப்படை இணைப்பு. அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். கழுந்தைச் சட்டத்திலேயே செதுக்காமல், காலிலும் சட்டத்திலும் நேருக்கு நேராகத் துளை போட்டு, வேறொரு மரத்துண்டைப் பாதி இதற்குள்ளும் பாதி அதற்குள்ளுமாக இறக்கி இணைக்கும் முறையும் உண்டு. இந்தத் துண்டைத் தனிக்கழுந்து என்றும், சட்டத்திலேயே செதுக்கியதை உடன்கழுந்து என்றும் இங்கே கொள்ளலாம். தேக்கு, ஓக், ரோஸ்வுட் போன்ற வன்மரங்களில் மேசை, நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைகளில் அண்மைக் காலமாகத் தனிக்கழுந்து பரவிவருகிறது. மின்கருவியோடு சேர்ந்து வந்ததால், கழுந்து செதுக்கப் பொறுமை இல்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எகிப்தின் பெரிய பிரமிடு எழுந்த காலத்திலேயே முழு வளர்ச்சி பெற்றிருந்த முறை இது. நீளமான மரம் கிடைக்காத இடத்திலும், பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்க்க வேண்டியிருந்த இடத்திலும் தேர்ந்த தச்சர்கள் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடன்கழுந்து இதைவிடவும் பழையது. ஜெர்மனியின் லைப்சிக் வட்டாரத்தில் தோண்டியெடுத்த புதிய கற்காலக் கிணறுகளின் ஓக் மரங்கள் கி.மு. 5469க்கும் 5098க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்து, 2012இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். கிணற்றின் அடிச்சட்டங்களில் கழுந்தும் துளையும் இருக்கின்றன. துளையைக் கடந்து வெளியே நீண்ட கழுந்தில் ஆப்பு அடித்தும் இறுக்கியிருக்கிறார்கள். உலோகம் அறியாத மக்கள் கல் வாய்ச்சியைக் கொண்டு செய்த வேலை அது. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்னும் ஊரில் 1973இல் தொடங்கிய அகழ்வில், ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையுள்ள கால்நட்ட வீடுகளின் உத்தரங்களிலும் கழுந்தும் துளையும் காணப்பட்டன. நீளமான அடிமரம் தாராளமாகக் கிடைத்த இடங்கள் இவை. முனையில் ஒரு சாண் கழுந்துக்குப் போனாலும் அங்கே யாருக்கும் நட்டமில்லை.

நைல் ஆற்றங்கரையில் நிலைமை வேறு. அங்கே விளைந்த மரங்களில் முக்கியமானவை கருவேலமும் ஒருவகைக் காட்டத்தியும். கருவேலம் உறுதியானது, ஆனால் குட்டை, கோணல். ஒரு பெட்டிக்கோ படகுக்கோ வேண்டிய அகலமான பலகை அதில் கிடைக்காது. சிறு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் அகலம் காண வேண்டும். இங்கேதான் தனிக்கழுந்தின் தேவை எழுகிறது. பலகையின் விளிம்பில் உடன்கழுந்து செதுக்க வேண்டுமானால், கழுந்து நிற்கும் இடங்களைத் தவிர மற்ற விளிம்பு முழுவதையும் கழுந்தின் நீளத்துக்குச் சீவித் தள்ள வேண்டும். பலகையில் நான்கு விரல் அகலம் வீணாகும். அதோடு, நாரோட்டம் பலகையின் நீளவாக்கில் இருப்பதால், விளிம்பிலிருந்து நீளும் கழுந்தில் நார் குறுக்கே ஓடும், தட்டினாலே உடையும். தனித் துண்டாக இருந்தால் நார் அதன் நீளத்தில் ஓடுமாறு வெட்டிக்கொள்ளலாம். பலகையிலும் ஒரு விரல்கூடக் குறையாது. கழிவாகக் கிடக்கும் சிறு துண்டு போதும்.

எகிப்தின் முதல் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த தர்கான் இடுகாட்டில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த பலகைகளில் இத்தகைய துளைகள் இருந்தன. வேறெங்கோ பயன்பட்ட பலகைகளைக் கல்லறையில் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். மரம் எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. சக்காராவின் படிப் பிரமிடில் கிடைத்த ஒரு சவப்பெட்டி இன்னும் வியப்பானது. ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆறு மர அடுக்குகளால் ஆனது அது. இன்றைய ஒட்டுப்பலகையின் மூதாதை. ஒவ்வோர் அடுக்கிலும் சிறு துண்டுகளைத் தட்டையான மரமுளைகளால் சேர்த்திருந்தார்கள். செம்பு உளியை மட்டும் வைத்துக்கொண்டு 4 மில்லிமீட்டர் பலகையின் விளிம்பில் துளை போட்ட கையின் திறமையை இன்றைய தச்சர் எவரும் மதிப்பார்.

பிரமிடு காலத்தின் பெருஞ்சான்று கூஃபு மன்னனின் கப்பல். 1954இல் கமால் எல்-மல்லாக் கீசாவின் பெரிய பிரமிடை ஒட்டி மூடப்பட்டிருந்த கற்குழியைக் கண்டறிந்தார். குழிக்குள் ஒரு முழுக் கப்பல் 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது. அகமது யூசுஃப் முஸ்தபா பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து அதைச் சேர்த்தெடுத்தார். நீளம் 43 மீட்டருக்குச் சற்று அதிகம். மரம் பெரும்பாலும் லெபனான் தேவதாரு. பலகைகளுக்கு நடுவே இலந்தைக் குடும்பத்து முள்மரத்தில் செய்த தனிக்கழுந்துகள் இருந்தன. அவற்றை ஆணியடித்துப் பூட்டவில்லை. பலகைகளை இறுக்கிப் பிடித்தது கயிறு. பலகையின் உட்புறத்தில் மட்டும் திறக்கும் வளைந்த துளைகள் வழியே கயிற்றைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். நீரில் மரம் ஊதும், கயிறு இறுகும், மூட்டு அடையும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கழுந்தின் வேலை. கயிற்றை அவிழ்த்தால் கப்பலைப் பிரித்து அடுக்கிவிடலாம். அப்படித்தான் அடுக்கியும் வைத்தார்கள்.

கருவேலத்தில் கட்டிய உள்ளூர்ப் படகின் கதை இன்னும் சுவையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இரண்டு முழ நீளத் துண்டுகளைச் செங்கல் வரிசைபோல் அடுக்கி, நெருக்கமான நீண்ட முளைகளைச் சுற்றிச் சேர்த்துக் கட்டும் பாரிஸ் என்னும் சரக்குப் படகை விவரித்தார். இப்படியும் ஒரு படகா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் குழம்பினார்கள். அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலில் மூழ்கிக் கிடக்கும் தோனிஸ்-ஹெராக்ளியோன் துறைமுகத்தில் கிடைத்த 17ஆம் எண் கலத்தைப் பற்றிய அலெக்சாண்டர் பெலோவின் ஆய்வு 2019இல் வெளியானதும் குழப்பம் தீர்ந்தது. ஒரே கழுந்து பல பலகை வரிசைகளைத் துளைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை ஓடுகிறது. கழுந்தே படகின் விலா எலும்பாகவும் ஆகிவிட்டது.

கழுந்தை ஆணியால் பூட்டும் வழக்கம் நடுநிலக் கடலின் கிழக்குக் கரையில் பெருமுறையாக வளர்ந்தது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கு அருகே 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர் கண்ட கப்பலை, ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் ஆகியோரின் தலைமையில் 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். கி.மு. 1300ஐ ஒட்டி மூழ்கிய அந்தக் கப்பலில் 10 டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. சரக்கின் பளபளப்பில் பலரும் கவனிக்காமல் விடுவது அதன் உடலை. தேவதாருப் பலகைகளை ஓக் தனிக்கழுந்துகளால் சேர்த்து, மூட்டின் இருபுறமும் பலகையையும் கழுந்தையும் ஒருசேரத் துளைத்து மரஆணி அடித்திருந்தார்கள். இந்த ஆணி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கயிறு தேவையில்லை. பலகைகள் விலகவும் முடியாது, வழுக்கவும் முடியாது. நூற்றுக்கணக்கான கழுந்துகள் பலகைகளுக்குள் ஒளிந்திருந்து கப்பலுக்கு விறைப்புத் தந்தன. கப்பலின் வெளியுடலை முதலில் கட்டி முடித்துவிட்டு, விலாச் சட்டங்களைப் பிறகு பொருத்தும் வழக்கம் இதனால்தான் இயன்றது.

சைப்ரசின் கைரீனியாவில் 1965இல் கண்டறியப்பட்டு, மைக்கேல் காட்ஸெவ் அகழ்ந்த வணிகக் கப்பல் இந்த முறையின் அளவைக் காட்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டிய, 14 மீட்டர் அளவுள்ள சிறு கப்பல்தான் அது. ஆனால் அதில் சுமார் 4,000 தனிக்கழுந்துகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளை என்றால், உளியால் பொளிந்தவை 8,000. பலகை மென்மையான பைன் மரம். கழுந்தோ கெட்டியான ஓக். இணைக்கும் துண்டு இணைக்கப்படும் மரத்தைவிட உறுதியாக இருக்க வேண்டும் என்ற விதியை அந்தக் கடற்கரைத் தச்சர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்த இணைப்பைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான குறிப்பு கப்பல் நூலில் இல்லை, வேளாண்மை நூலில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமின் மூத்த கேட்டோ எழுதிய அந்நூலில், ஒலிவ எண்ணெய் பிழியும் செக்குக்கான வட்டப் பலகை செய்யும் முறை வருகிறது. அகலம் நான்கடி, தடிமன் ஆறு விரல். கார்த்தேஜியரின் இணைப்பு முறையில் பலகைகளைச் சேர்க்க வேண்டும். ஓக் இனத்து மரத்தில் தனிக்கழுந்து வைக்க வேண்டும். கார்னல் என்னும் இரும்புபோல் கெட்டியான மரத்தின் ஆணியால் பூட்ட வேண்டும். ரோமானியர் இந்த இணைப்புக்குக் கார்த்தேஜின் பெயரையே வைத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கார்த்தேஜோடு நடந்த முதலாம் பியூனிக் போரின்போது, கரையொதுங்கிய கார்த்தேஜியக் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்து ரோமானியர் நூறு பெருங்கப்பல்களைக் கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். 1971இல் சிசிலியின் மர்சாலா அருகே ஹானர் ஃபிராஸ்ட் அகழத் தொடங்கிய கார்த்தேஜியக் கப்பலின் மரங்களில், எந்தத் துண்டு எங்கே சேர வேண்டும் என்று காட்டும் எழுத்துக் குறிகள் தீட்டப்பட்டிருந்தன. குறியைப் பார்த்துப் பொருத்தும் தொழில்முறை இருந்திருந்தால், ஒரே மாதிரியைப் பார்த்து அத்தனை கப்பல்களைக் கட்டியது நம்ப முடியாத ஒன்றல்ல.

எண்ணெய்ச் செக்கின் பலகை ஒரு வகையில் கப்பலைவிடச் சோதனையான பொருள். எண்ணெயில் ஊறும், பெரும்பாரம் தாங்கும், வெயிலில் காயும். வச்சிரப் பசை அங்கே நிற்காது. அதனால்தான் பசையை நம்பாமல் ஆணியை நம்பச் சொன்னார் கேட்டோ. எகிப்தியரும் ரோமானியரும் தோலிலிருந்து எடுத்த இந்த வச்சிரப் பசையை நன்றாக அறிந்தவர்கள். ஈரம் படாத வீட்டுச் சாமான்களில் அதைப் பயன்படுத்தினார்கள்.

இதே முறையில் கட்டிய கலங்கள் சேர நாட்டுத் துறைமுகம் வரை வந்திருக்கின்றன. செங்கடலின் பெரெனிகே, மையோஸ் ஹார்மோஸ் துறைகளிலிருந்து ரோமானிய எகிப்தின் கப்பல்கள் பருவக்காற்றோடு முசிறிக்கு வந்தன. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு பதிந்திருக்கிறது. மையோஸ் ஹார்மோஸ் அகழ்வில் தனிக்கழுந்துத் துளைகள் உள்ள பழைய கப்பல் பலகைகள் கிடைத்தன. பெரெனிகேயில் கட்டடங்களில் மறுபடி பயன்படுத்திய இந்தியத் தேக்கு மரங்கள் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி பிரித்தெடுத்த கப்பல்களிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இரு துறைகளிலும் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. ஆனால் இந்த இணைப்பு நம் கரையில் வேரூன்றவில்லை. இந்தியப் பெருங்கடலின் தச்சர்கள் பலகையைக் கயிற்றால் தைத்தார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு அந்த மரபில் வந்தது. அலை உடையும் மணற்கரையில் ஏறி இறங்க விறைப்பான உடலைவிட வளைந்து கொடுக்கும் உடலே ஏற்றது என்பதால், தையலை விட்டுவிட அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

நடுநிலக் கடலில் தனிக்கழுந்தைக் கொன்றது கூலி. 4,000 கழுந்துக்கு 8,000 துளை போட அடிமைகளும் மலிவான தேர்ந்த தச்சர்களும் வேண்டும். ரோமப் பேரரசு தளர்ந்த நூற்றாண்டுகளில் கழுந்துகளின் இடைவெளி கூடியது, அளவு சுருங்கியது. துருக்கியின் யாசி அடா அருகே மூழ்கிய 7ஆம் நூற்றாண்டுக் கப்பலில் கழுந்துகள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளி நின்றன, துளைக்குள் தளர்வாக இருந்தன, ஆணியும் இல்லை. பலகையை ஒழுங்காக நிறுத்திப் பிடிக்கும் அடையாளமாகச் சுருங்கிவிட்டன. 11ஆம் நூற்றாண்டின் செர்ச்சே லிமானி கப்பலில் அதுவும் இல்லை. விலாச் சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மேல் பலகையை இரும்பாணியால் அறையும் முறை வந்துவிட்டது. மூவாயிரம் ஆண்டு ஆண்ட இணைப்பு கடலிலிருந்து மறைந்தது.

இடைக்கால ஐரோப்பாவின் வீட்டுச் சாமான்கள் உடன்கழுந்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கே ஓக் மரத்துக்குப் பஞ்சமில்லை. அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்து வேலை செய்தார்கள். பச்சை மரத்தில் பசை பிடிக்காது. அதனால் கழுந்தில் போடும் ஆணித்துளையைச் சற்றுத் தோள்பக்கம் தள்ளிப் போட்டார்கள். ஆணி உள்ளே போகப் போக வளைந்து, கழுந்தைத் துளைக்குள் இழுத்து இறுக்கும். அந்த விலகல் ஒரு ஷில்லிங் நாணயத்தின் தடிமன் இருக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் மாக்ஸன் தச்சுக் கையேட்டில் எழுதினார். முந்நூறு ஆண்டுக்கு முன் அப்படி இறுக்கிய ஓக் நாற்காலிகள் ஒரு சொட்டுப் பசை இல்லாமல் இன்றும் ஆடாமல் நிற்கின்றன. தனிக்கழுந்து அங்கே பழுது பார்க்கும் வழியாகப் பிழைத்திருந்தது. நாற்காலிச் சட்டத்தின் கழுந்து முறிந்தால், முறிந்ததை வழித்துவிட்டுச் சட்டத்தின் முனையில் துளை போட்டு வேறு கழுந்தைச் செருகுவது எல்லா நாட்டுத் தச்சருக்கும் தெரிந்த மருத்துவம்.

தனிக்கழுந்தை வன்மரச் சாமானின் உயர்ந்த வேலைப்பாட்டில் வைத்துப் போற்றியது சீனா. மிங் அரசு 1567இல் கடல் வணிகத் தடையைத் தளர்த்திய பிறகு வெப்பநாட்டு வன்மரங்கள் பெருமளவில் சீனத் துறைகளுக்கு வந்தன. அவற்றில் இரண்டு மரங்களுக்குப் பெருமதிப்பு: ஹுவாங்ஹுவாலி என்னும் மணமுள்ள ரோஸ்வுட் இனம், ட்ஸீதான் என்னும் செம்மரம். பின்னது ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர் மலைகளிலும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் விளைவது. செம்மரம் மெதுவாக வளரும். பருத்த, நேரான, உள்ளே பொத்தல் இல்லாத அடிமரம் கிடைப்பது அரிது. எடைக்கு விலை பேசப்பட்ட மரத்தில் கழுந்துக்காக நீளத்தைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

சீனத் தச்சர்கள் எல்லா இடத்திலும் தனிக்கழுந்து வைக்கவில்லை. பாரம் தாங்கும் காலிலும் சட்டத்திலும் உடன்கழுந்துதான். அதிலும் மூன்று திசைச் சட்டங்கள் ஒரே மூலையில் கூடும் சிக்கலான பூட்டுகளைச் செய்தவர்கள் அவர்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள சிறு தாங்கிகள், சட்டங்களுக்கு நடுவே நிற்கும் குட்டைத் தூண்கள் போன்ற இடங்களில் தனிக்கழுந்தை நட்டார்கள். அங்கே நாரோட்டம் குறுக்கே வரும். உடன்கழுந்து செதுக்கினால் முறிந்துவிடும். இன்னொரு வகை அதைவிட நுட்பமானது. கழுந்தின் மேற்பாதியைப் புறாவால் வடிவில் விரியச் செதுக்கி ஒரு சட்டத்தில் நட்டுவிடுவார்கள். மற்றதில் துளையின் ஒரு பாதி அகலம், மறுபாதி குறுகல். அகன்ற பக்கத்தில் இறக்கி, குறுகிய பக்கத்துக்குத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். திரும்பத் தள்ளினால் கழலும். பெரிய இருக்கைக் கட்டில்களின் முதுகுப் பலகையும் கைப்பலகையும் இப்படித்தான் மாட்டப்பட்டன. வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். இந்த இணைப்புகளைச் சீன அறிஞர் வாங் ஷிஷியாங் 1980களில் வெளியிட்ட நூல்களில் வரைபடங்களோடு வகைப்படுத்தினார். மேலைநாட்டுத் தச்சர்கள் சீன இணைப்புகளை ஊன்றிப் படிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இயந்திரக் காலம் துளையிடும் வேலையை எளிதாக்கியது. சாமுவேல் பெந்தம் 1790களில் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் மார்க் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த இயந்திரங்கள் கப்பல் கப்பிகளுக்கு நீராவியால் துளை போட்டன. சாமான் பட்டறைகளுக்கு இந்த வசதி மெல்லத்தான் வந்தது. வந்தபோது தொழிற்சாலைகள் கழுந்தையே கைவிட்டு, உருண்டை மரமுளைக்கு மாறின. துளைப்பானால் நொடியில் போடக்கூடிய உருண்டைத் துளை மலிவு. ஆனால் உருண்டைத் துளையின் சுவரில் பெரும்பகுதி நாரின் வெட்டுமுகம். அங்கே பசை பிடிப்பது குறைவு. ஆடும் நாற்காலிகளில் பலவற்றின் நோய்மூலம் இதுதான்.

20ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டறைகளில் வேறொரு வழி திறந்தது. இழைப்பு இயந்திரத்தின் அச்சு முனையில் வெட்டலகைப் பொருத்தி, பக்கத்தில் நகரும் மேசை ஒன்றைச் சேர்த்த கூட்டு இயந்திரங்கள் வந்தன. மரத்தை மேசையில் படுக்கவைத்து நகர்த்தினால் நீள்துளை விழும். இதே இயந்திரத்தில் காலுக்கும் துளை போடலாம், சட்டத்தின் முனைக்கும் போடலாம். கழுந்து செதுக்க மட்டும் முடியாது. எனவே தனிக்கழுந்து இயல்பாகவே அந்தப் பட்டறைகளின் முறையாயிற்று. கையில் பிடிக்கும் மின் ரூட்டர் வந்த பிறகு சிறு பட்டறைக்கும் அது எட்டியது. ரூட்டர் போடும் துளையின் இரு முனையும் உருண்டிருக்கும். உடன்கழுந்து என்றால் துளையை உளியால் சதுரமாக்க வேண்டும், அல்லது கழுந்தை அரத்தால் உருட்ட வேண்டும். தனிக்கழுந்துக்கோ நீண்ட பட்டை ஒன்றின் விளிம்பை உருட்டி இழைத்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது துண்டு போட்டுக்கொள்ளலாம்.

பசையும் இக்காலத்தில் மாறியது. பாலிவினைல் அசிட்டேட் 1912இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது; இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைப் பசையாகத் தச்சர் கைக்கு வந்தது. இந்தியாவில் 1959இல் ஃபெவிகால் வந்ததும், வச்சிரத்தை வாளியில் காய்ச்சும் வழக்கம் படிப்படியாக மறைந்தது. தனிக்கழுந்தின் வரலாற்றில் இது ஆணி வந்ததற்கு இணையான திருப்பம். உடன்கழுந்தில் பசை ஒரு பக்கம்தான் தாங்க வேண்டும். தனிக்கழுந்தில் இரு பக்கமும். ஆணியடிக்காத தனிக்கழுந்தைப் பாரமுள்ள சாமானில் வைக்கும் துணிவை இந்தப் பசைதான் தந்தது.

கருவிகளில் அடுத்த மாற்றம் சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்தது. ஹெர்மன் ஷ்டைனர் 1950களின் நடுவில் பீச் மரத்தை அழுத்தி நீள்வட்டத் தகடுகளாகச் செய்து, வட்ட ரம்பம் போட்ட பள்ளத்தில் பசையோடு செருகும் முறையை உருவாக்கினார். லாமெல்லோ என்ற பெயரில் பரவிய இந்த பிஸ்கட் தகடு ஈரப்பசையில் ஊதிப் பள்ளத்தை நிறைக்கும். பலகைகளை ஒரே மட்டத்தில் நிறுத்த அது மிக நல்லது. நாற்காலிக் காலைத் தாங்க ஆழம் போதாது. அந்தக் குறையை நிரப்பியது ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் 2000களின் நடுவில் கொண்டுவந்த டோமினோ. அதன் வெட்டலகு சுழன்றபடியே இடவலமாக ஆடும். சில நொடிகளில் நீள்துளை கிடைக்கும். தயாராகக் கிடைக்கும் பீச் கழுந்தைச் செருக வேண்டியதுதான். முதல் கருவியில் கழுந்தின் தடிமன் 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை. பின்னர் வந்த பெரிய கருவி 14 மில்லிமீட்டர் தடிமனும் 140 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கழுந்தை ஏற்கும். கதவுக்கும் கட்டிலுக்கும் அது போதும்.

உறுதி பற்றிய வாதம் இதோடு சூடேறியது. அமெரிக்காவின் ஃபைன் உட்வொர்க்கிங் இதழ் 2009இல் வெளியிட்ட முறிப்புச் சோதனையில், முக்கால் அங்குலச் சட்டங்களில் 3/8 அங்குல உடன்கழுந்தும் அதே தடிமனுள்ள தனிக்கழுந்தும் ஏறத்தாழ ஒரே விசையைத் தாங்கின. கால் அங்குலக் கழுந்தோ அதில் பாதியளவிலேயே முறிந்தது. கழுந்து ஒட்டியிருக்கிறதா தனியாக இருக்கிறதா என்பதைவிட, அது எவ்வளவு தடிமன் என்பதே உறுதியைத் தீர்மானிக்கிறது. சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்ற பழைய கணக்கு குறைந்தபட்ச அளவு; பாதி வரை போனாலும் தவறில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் வன்மரச் சாமானில் தேர்வு கடினமானதல்ல. நாற்காலியின் பக்கச் சட்டங்கள் பின்காலோடு சாய்ந்து சேரும் இடத்தில் தனிக்கழுந்தே மேல். அங்கே உடன்கழுந்தைச் சாய்வாகச் செதுக்கினால் நார் குறுக்கே அறுபடும். தனித் துண்டில் நார் முனையிலிருந்து முனைவரை முழுசாக ஓடும். மரச்செலவும் குறையும். இரு கால்களுக்கு நடுவே 40 சென்டிமீட்டர் தெரிய வேண்டிய சட்டத்துக்கு, இருபுறமும் மூன்றரை சென்டிமீட்டர் உடன்கழுந்து விட்டால் 47 சென்டிமீட்டர் மரம் வேண்டும். தேக்கு விற்கும் விலையில் அந்த ஏழு சென்டிமீட்டர் சிறிதல்ல. வளைந்த சட்டங்களுக்கும், முன்பே அளவு தவறிக் குட்டையாக வெட்டிவிட்ட சட்டங்களுக்கும் வேறு வழியே இல்லை.

உடன்கழுந்தை விடக்கூடாத இடங்களும் உண்டு. காலைத் துளைத்து வெளியே வந்து ஆப்பு ஏறும் கழுந்து, ஆணியால் இழுத்துப் பூட்டும் கதவுச் சட்டம், ஈரத்திலும் வெயிலிலும் நிற்கும் தோட்ட இருக்கை ஆகியவை பசையை நம்பக்கூடாதவை. அங்கேயும் தனிக்கழுந்துதான் வேண்டும் என்றால், கேட்டோ சொன்னபடி இருபுறமும் மரஆணி அடிக்க வேண்டும். அகலமான சட்டத்துக்கு ஒரே அகன்ற கழுந்து ஆகாது. தேக்கு பச்சையிலிருந்து முழுதும் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் 6 விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். நீளவாக்கில் அது சுருங்குவது கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. கழுந்தின் அகலம் சுருங்கும், அதைப் பிடித்திருக்கும் காலின் நீளம் சுருங்காது, பசை விட்டுப்போகும். இரண்டு குறுகிய கழுந்தாகப் பிரித்து வைப்பதே முறை. கழுந்துக்கான மரம் சாமான் செய்யும் மரத்துக்குச் சமமான உறுதியுள்ளதாகவோ அதைவிட உறுதியுள்ளதாகவோ, நார் நேராக ஓடுவதாக, நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கழுந்தின் அளவுக்காக இணைப்பைச் சுருக்குவது தவறு. சட்டத்துக்கு ஏற்ற தடிமனில் பட்டறையிலேயே இழைத்துக்கொள்ளுங்கள்.